மூக்குக்கு ஆறு பொட்டலம்

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு நான்கு வருடமாகிறது. மேசைக்கு ஒரு குறையும் இல்லை. அதன்மேல் ஒரு குண்டுவீச்சு விமானம் படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் விமானம். இறக்கையை மாட்டினால் இரண்டடிக்கு மேல் அகலம் வரும். உடல் நீளவாக்கில் இரண்டு பாதியாக, பிளந்து வைத்த வெள்ளரிக்காய் மாதிரி மல்லாந்து கிடக்கும். வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுவார். யாராவது கேட்டால், "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்பார். நான்கு வருடமாக அதே கொஞ்சம்.

அவரைத் தெருவில் பல்காரர் என்றால்தான் தெரியும். பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பத்து நான்கு வருடம் பல் செட் செய்தவர். மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார். இவர் மெழுகில் செதுக்கி, அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி வார்த்து, இளஞ்சிவப்பு ஈறு வைத்து, ஒரு மனிதன் மறுபடி கடிக்கும்படி செய்து கொடுப்பார். அந்த வட்டாரத்தில் அறுபது தாண்டியவர்கள் பாதிப் பேர் சிரிப்பது அவர் கைவேலைதான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்குமா? இருக்காது. அதுதான் விமானம்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே மச்சான் வந்துவிட்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கையில் பெயின்ட் டப்பாப் பை. வந்தவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அத்தான், வெள்ளிக்கிழமை நான் வண்டி ஏறுறேன். என் பொண்ணு டிக்கெட் போட்டு அனுப்பிட்டா. உங்க தங்கச்சி போய் ஒரு மாசம் ஆச்சு, பேரனைப் பாத்துக்க ஆள் பத்தலையாம்."

தங்கச்சி என்றது தன் மனைவியை. பல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எப்ப திரும்புவே?" என்றார்.

"திரும்பறதா? வீட்டையே காலி பண்றேன். நாலு வருஷமா பிரஷ்ஷைக் கழுவிக் கழுவி வச்சுட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்கு நீங்க இதை மூடுறீங்க. காய்ஞ்சதும் நான் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். இல்லைன்னா சொல்லிடுங்க, நான் இப்பவே போறேன்."

"மூடலாம். ஒரே ஒரு சின்ன வேலை..."

"தெரியும். என்ன, விமானியோட ஃபிளாஸ்குக்கு மூடி செய்யணுமா?"

பல்காரர் கையிலிருந்ததை விரலுக்குள் மறைத்துக்கொண்டார். உண்மையில் ஃபிளாஸ்குக்கு மூடிதான் செய்துகொண்டிருந்தார்.

இந்த விமானத்துக்கு ஒரு கதை உண்டு. அவர் ஓய்வு பெற்ற மாதம் மூன்று பேருமாகக் கடைக்குப் போய்த்தான் வாங்கினார்கள். அவர், அவர் மனைவி, மச்சான். மனைவி பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவள், எல்லோருக்கும் கம்பவுண்டரம்மா. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மருந்தைப் பொடியாக நிறுத்து, தாளில் மடித்து, பொட்டலமாகக் கொடுப்பார்கள். பிறகு எல்லாம் மாத்திரையாகிவிட்டது. ஆனால் கை மறக்கவில்லை. வீட்டில் எதுவானாலும் பொட்டலம்தான். சட்டைப் பொத்தான், குண்டூசி, உதிரித் திருகாணி எல்லாமே நான்கு மூலையும் உள்ளே செருகிய வெள்ளைப் பொட்டலத்தில், மேலே பென்சிலால் பெயரும் அளவும் எழுதி இருக்கும். ஒரு குண்டூசி வேண்டுமென்றாலும் அந்த வீட்டில் பொட்டலம் பிரிக்க வேண்டும்.

கடையில் பெட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "வேற விமானமே கிடைக்கலையா உங்களுக்கு? ஊர் மேல குண்டு போடுறதுதான் கிடைச்சுதா?"

"அக்கா, இதுலதான் உள்ளே வேலை நிறைய. ஆறு பேர் உக்கார்ற விமானம். அத்தானுக்கு ஆறு மாசம் பொழுது போகும்" என்றார் மச்சான்.

"சரி. ஆனா குண்டை மட்டும் என்கிட்ட குடுத்துடணும்."

கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பிளாஸ்டிக் குண்டுகளும் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சிறை போயின. துப்பாக்கியை எடுக்கச் சொல்லவில்லை. "அவங்க கையில ஒண்ணும் இல்லாம அனுப்ப முடியுமா, பாவம்" என்று சொல்லி, மருந்தகத்தில் கழித்துப் போட்ட ஊசிகளைக் கழுவி, கொதிக்க வைத்து அவளே கொண்டுவந்து தந்தாள். ஊசிக் குழல் அளவாக வெட்டினால் அசல் துப்பாக்கிக் குழாய்தான். நடுவில் ஓட்டையும் தானாகவே இருக்கும். குண்டு இருக்க வேண்டிய இடத்தில் மருந்துப் பெட்டி போகட்டும் என்பதும் அவள் யோசனைதான். பல்காரர் தீப்பெட்டித் தலை அளவில் பெட்டிகள் செய்தார். மச்சான் ஒற்றை முடி பிரஷ்ஷால் அவற்றின்மேல் எழுதினார்: பஞ்சு, டிஞ்சர், இருமல். எழுத்தாளர் கண்ணில் நீர் வர எழுதிய ஒரே எழுத்து அதுதான் என்று பல்காரர் கேலி செய்வார். பூதக்கண்ணாடி இல்லாமல் ஒருவராலும் படிக்க முடியாது. படித்தவர்கள் சிரிக்காமல் போனதில்லை.

பெட்டியோடு வந்த பாகங்களை மட்டும் ஒட்டினால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். ஆனால் பல்காரருக்கு அது பத்தாது. பல் கிளிப்புக்கு வளைக்கும் கம்பியை வளைத்து எண்ணெய்க் குழாய் ஓட்டினார். கருவிப் பலகையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் பல் துளைக்கும் ஊசியால் குழி போட்டு, நிறம் சேர்க்காத ஈறுப் பிசினை ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடியாக்கினார். இருக்கை வார்களை அவள் செய்தாள். காலியான மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கிற அலுமினியத் தாளைக் கீற்றாக வெட்டி, மடக்கி, தலைமுடி பருமனில் கம்பிக் கொக்கி போட்டு ஆறு இருக்கைக்கும் வார் மாட்டினாள். துணை விமானியின் இருக்கையில் மட்டும் வாரை அவிழ்த்த மாதிரி தொங்கவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் எழுந்து வெளிய போயிருக்கான்" என்றாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செய்முறைத் தாளை வாசிப்பது. ஆண்கள் இருவருக்கும் அந்தத் தாள் என்றால் ஆகாது. கையில் பசை எடுத்தபிறகு தாளைத் தேடுகிற ஜாதி. அவள் மேசையின் தலைமாட்டில் பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு படியாக உரக்கச் சொல்வாள். செய்து முடித்ததும், "ஆச்சா?" என்று கேட்பாள். அவர், "ஆச்சு" என்றால்தான் டிக். சும்மா தலையாட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "வாயைத் திறந்து சொல்லுங்க. நாளைக்கு இறக்கை கழண்டு விழுந்தா நான் யாரைக் கேக்கறது?" அப்படி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். ஜன்னல் வெயில், பிளாஸ்டிக் பசையின் வாசனை, உள்பக்கத்துக்குப் பச்சையா மஞ்சள்பச்சையா என்று மாமன் மச்சான் சண்டை, நடுவில் அவள் குரல். அதைவிட நல்ல காலம் தன் ஆயுளில் இருந்ததாகப் பல்காரருக்கு நினைவில்லை. இருக்கும்போது அது தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை.

இருபத்திரண்டு படி முடிந்தது. இருபத்து மூன்றாவது, உடலின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடுவது. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு காய்ச்சல் இல்லை, வேறு என்றார்கள். அவள் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் அவளையே படுக்க வைத்தார்கள்.

கடைசியில் ஒரு பிற்பகல், பார்வை நேரம். அவள் கண்ணைத் திறந்து, "ஏங்க, விமானம் மூடியாச்சா?" என்று கேட்டாள்.

அவர் மேசைப் பக்கம் போயே மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆச்சு" என்றார்.

"நிக்குதா?"

"ஜம்முனு நிக்குது. மூணு சக்கரத்துலயும்."

அவருக்கு எதிலும் கூடுதலாக ஒரு விவரம் சேர்த்தாக வேண்டும், பொய்யிலும் சேர்த்தார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்க, மூக்கில் போட்டிருந்த குழாய் ஆட, செவிலி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "சரி, சரி" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். மறுநாள் விடிகாலையில் போய்விட்டாள்.

முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவளிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை பொய். அந்தப் பொய்யை நம்பி, சந்தோஷப்பட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். இது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விமானத்தை மூடிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தார். பசையைக் கையில் எடுப்பார். அந்த வெள்ளி வார்கள் கண்ணில் படும். மூடிவிட்டால் அவை இருக்கிற இடம் இருட்டாகிவிடும். பிறகு எந்தக் கண்ணும் அவற்றைப் பார்க்கப் போவதில்லை. பசையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு சாமான் செய்து உள்ளே வைத்துவிடலாம் என்று ஆரம்பிப்பார்.

அப்படி ஆரம்பித்ததுதான் நான்கு வருடம். ரேடியோப் பெட்டி மூன்று. தோட்டாப் பெட்டி நான்கு. ஒரு கருவிப் பெட்டி, உள்ளே நெல்மணியைவிடச் சிறிய சுத்தியல். தண்ணீர்க் கலம், ஃபிளாஸ்க், டிபன் கேரியர். முன்பக்கம் அவள் வேலை. அதில் அவர் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கமாகவே சேர்த்துக்கொண்டு போனார். வேறு யாராவது என்றால் பிளாஸ்டிக் துண்டில் செதுக்கியிருப்பார்கள். இவர் பல்காரர் ஆயிற்றே. மெழுகில் செதுக்கி, பல் வார்க்கிற உலோகத்தில் வார்த்தார்.

"எங்க, மூடுங்க பாப்போம். பசை வேணாம், முதல்ல டேப் ஒட்டிப் பாக்கலாம்" என்றார் மச்சான்.

மூடுவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் பல்காரர் முடித்து வைத்திருந்தார். இறக்கை, வால், மூன்று சக்கரக் கால் எல்லாம் தயார். இரண்டு பாதியையும் சேர்த்து மச்சான் நான்கு இடத்தில் டேப் ஒட்டினார். இறக்கையைச் செருகினார்கள். மூக்குக்கடியில் ஒரு சக்கரம், இறக்கைக்கடியில் இரண்டு. முதன்முதலாக அது ஒரு முழு விமானமாக இருந்தது. பல்காரர் இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்து, கையை எடுத்தார்.

விமானம் ஒரு நொடி நின்றது. பிறகு மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, வாலை மேசையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டது.

பல்காரர் மறுபடி நிமிர்த்தி வைத்தார். அது மறுபடி உட்கார்ந்தது.

"சாப்பிட்டுட்டு உக்காந்த நாய் மாதிரி இருக்கு, அத்தான்" என்றார் மச்சான்.

அவருக்குச் சிரிப்பு. பல்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. மூணு சக்கரத்துலயும் ஜம்முனு நிக்குது என்று சொன்ன விமானம், ஒரு நொடிக்குமேல் நிற்கவில்லை. இந்தத் தவறு எங்கே நடந்தது என்றும் அவருக்குப் புரியவில்லை. வேலையில் இருந்தபோது பொழுதுபோக்காக அவர் செய்ததெல்லாம் வாலில் சக்கரம் உள்ள சின்ன விமானங்கள். அவை இயல்பாகவே வால் தாழ்ந்துதான் நிற்கும்.

"அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன்" என்றார் மச்சான். "அக்கா இருந்தா முதல்ல அதைத்தான் எடுத்திருப்பா."

செய்முறைத் தாள் பெட்டியின் அடியில் இருந்தது. நான்கு வருடமாக அவர் அதைத் தொடவில்லை. அதில் அவள் போட்ட டிக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. புகைப்படங்களைப் பார்த்தும் ஞாபகத்திலும்தான் வேலை செய்தார். மச்சான் தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஒன்று, டிக். இரண்டு, டிக். வரிசையாகப் பென்சில் டிக்குகள், எல்லாம் ஒரே அளவில், மருந்துச் சீட்டில் போடுவது மாதிரி. மச்சானின் விரல் ஆறாவது படியில் நின்றது. அங்கே டிக் இல்லை. விமானத்தின் மூக்கின் படம், அதற்குள் ஒரு எடைக்கல்லின் படம், பக்கத்தில் 150 கிராம் என்று அச்சு. அதற்கும் பக்கத்தில் அவள் கையெழுத்து.

மச்சான் உரக்கப் படித்தார். "எடையை நிறுத்து வைத்துவிட்டேன். மூடும்போது என்னைக் கேளுங்கள்."

"மூக்குல கனம் வைக்கணுமாம், அத்தான். இல்லைன்னா வாலு கீழ போயிடும். நாம அன்னிக்கு எங்க இருந்தோம்?"

எங்கே இருந்தார்கள் என்று பல்காரருக்கு இப்போது ஞாபகம் வந்தது. இங்கேதான் இருந்தார்கள். பச்சையா மஞ்சள்பச்சையா என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "ஆறு என் டிபார்ட்மென்ட். நீங்க ஏழுக்குப் போங்க" என்று அவள் சொன்னாள். இவர் உம் கொட்டிவிட்டு ஏழுக்குப் போனார்.

அவர் தாளை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார். மூடும்போது என்னைக் கேளுங்கள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எடை அவளிடம் இருந்தது. அவளைக் கேட்காமல் மூட முடியாது. மூடினாலும் நிற்காது. அவரோ அவளிடம் போய், மூடியாச்சு, ஜம்முனு நிக்குது, மூணு சக்கரத்துலயும் என்று...

"அவளுக்குத் தெரியும்டா" என்றார்.

"என்ன தெரியும்?"

நான்கு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அவர் மச்சானிடம் சொன்னார். அந்தப் பிற்பகலை, கேள்வியை, பொய்யை, அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை. "சந்தோஷத்துல சிரிக்கிறான்னு நெனச்சேன். ஒரு பொய்யை நம்ப வச்சு அனுப்பிட்டேனேன்னு நாலு வருஷமா தூக்கம் இல்லைடா எனக்கு. அவ நம்பவே இல்லை. என்னைப் பாத்துத்தான் சிரிச்சிருக்கா. கனமே இல்லாம எப்படிடா நிக்கும்னு சிரிச்சிருக்கா."

சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. மச்சான் முதலில் ஜன்னல் பக்கம் பார்த்தார், பிறகு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அக்காகிட்ட போய்ப் பொய் சொன்னீங்க பாருங்க. அவகிட்ட நான் அஞ்சு வயசுலயே சொல்லிப் பாத்து விட்டுட்டேன்" என்றார்.

பிறகு தேட ஆரம்பித்தார்கள். மருந்து அலமாரி, தையல் பெட்டி, சமையலறை இழுப்பறை. கை வைத்த இடமெல்லாம் பொட்டலம். பிரித்தால் பொத்தான், குடைக் கம்பி, பழைய பேனா முள், யாருடையது என்றே தெரியாத ஒரு சாவி. ஒரு மணி நேரம் தேடி வீட்டையே தலைகீழாக்கிவிட்டார்கள். எடை மட்டும் இல்லை.

"வேணும்னா என் பல் செட்டைக் கழட்டித் தரட்டுமா? நீங்க செஞ்சதுதானே, நல்ல கனம்" என்றார் மச்சான்.

"கழட்டாதே. அதைப் பாத்தா எனக்கு வேலை ஞாபகம் வந்துடும், நீ வெள்ளிக்கிழமை பல்லு இல்லாமத்தான் போவே."

மச்சான் அலமாரி மேலே அண்ணாந்து பார்த்தார். "அத்தான், அந்தக் குண்டெல்லாம் எங்க வச்சா?"

பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சியில், பழைய போர்வைக்குப் பின்னால் இருந்தது. மூடியைத் திறந்தார்கள். பன்னிரண்டு குண்டும் சட்டத்தைவிட்டுக் கழற்றாமல் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் நூலால் கட்டிய ஆறு வெள்ளைப் பொட்டலம், எல்லாம் ஒரே அளவு. தூக்கினால் கையை இழுத்தது. உள்ளே தூண்டில்காரர்கள் கட்டுகிற ஈயக் குருணை. ஒவ்வொன்றின்மேலும் 25 கி. என்று எழுதியிருந்தது. கட்டின்மேல் ஒரு சீட்டு, நோயாளிக்கு ஒட்டிக் கொடுப்பது மாதிரியே: மூக்குக்கு. ஆறும் ஒரே வேளையில்.

பல்காரர் அந்தச் சீட்டை இரண்டு தரம் படித்தார்.

டேப்பைப் பிரித்தார்கள். மூக்கின் தளத்துக்கடியில் ஒரு குழி காலியாக இருந்தது. அதையும் நிரப்ப அவர் யோசனை வைத்திருந்தார். நல்லவேளையாக முறை வரவில்லை. பொட்டலங்களைப் பிரிக்காமல் அப்படியே ஒவ்வொன்றாக அடுக்கினார். அளந்து செய்த மாதிரி ஆறும் உட்கார்ந்தன. மாதிரி என்ன, அளந்துதான் செய்திருப்பாள். பல் மெழுகை உருக்கி ஊற்றி அசையாமல் பிடித்து வைத்தார். சீட்டையும் மடித்து மேலே வைத்தார். மறுபடி டேப், மறுபடி இறக்கை.

கையை எடுத்தார். விமானம் நின்றது. மச்சான் கையைத் தட்டப் போனார். அதற்குள் மூக்கு மெதுவாக, மிக மெதுவாக மேலே எழும்பி, வால் மறுபடி மேசையைத் தொட்டது.

"அக்கா கணக்கு தப்பாயிடுச்சா?" என்றார் மச்சான்.

"அவ நிறுத்தது தப்பாகாது. அவ நிறுத்தப்ப இதெல்லாம் உள்ளே இல்லை." பல்காரர் விமானத்தின் பின்பாதியைக் காட்டினார். "நான்தான் ஏத்திட்டேன்."

"அதுக்கென்ன, இன்னும் கொஞ்சம் ஈயம் வச்சா ஆச்சு. பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வர்றேன்."

"வேணாம்."

"நாலு வருஷ வேலை, அத்தான்."

"அவ சொன்ன எடையில நிக்கணும்டா. அப்பதான் நான் அவகிட்ட சொன்னது உண்மை. வேற எடை வச்சு நின்னா அது வேற விமானம்."

மச்சான் ஒரு டீத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பல்காரர் இடுக்கியை எடுத்தார். முதலில் கருவிப் பெட்டி. அதைச் செய்தது அவள் போன மூன்றாம் மாதம். சுத்தியலைச் செதுக்கும்போது இரண்டு தரம் உடைந்தது. தட்டில் ணங் என்று விழுந்தது. அடுத்து ரேடியோப் பெட்டி. முதல் வருட நினைவு நாளில் யாரும் வரக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு செய்தது. இரண்டாவது, மூன்றாவது. தண்ணீர்க் கலம். டிபன் கேரியர், நான்கு அடுக்கு. அதை எடுக்கும்போது கொஞ்சம் யோசித்தார், பிறகு எடுத்துவிட்டார். ஒவ்வொன்றை எடுத்ததும் மச்சான் டேப் ஒட்டி நிறுத்திப் பார்ப்பார். வால் உட்காரும். மறுபடி பிரிப்பார்கள். தட்டு நிறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு சாமானும் இறங்க இறங்க, தன் நெஞ்சிலிருந்தே யாரோ இறக்கி வைப்பது மாதிரி பல்காரருக்கு இருந்தது. வருத்தமாகவும் இருந்தது, லேசாகவும் இருந்தது.

கடைசித் தோட்டாப் பெட்டியையும் எடுத்தார். இப்போது உள்ளே இருந்தது அன்றைக்கு அவள் பார்த்த விமானம். கம்பிக் குழாய்கள், குழி போட்ட கருவிப் பலகை, பஞ்சு, டிஞ்சர், இருமல், ஆறு இருக்கை, வெள்ளி வார்கள்.

மச்சான் டேப் ஒட்டினார். பல்காரர் தூக்கி வைத்தார். கையை எடுக்க மனம் வரவில்லை.

"எடுங்க, அத்தான்."

எடுத்தார். மூக்குச் சக்கரம் மேசையில் நின்றது. மச்சான் குனிந்து மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு விரலால் வாலை அழுத்தினார், மூக்கு எழும்பியது. விரலை எடுத்ததும் சக்கரம் டக் என்று பழைய இடத்துக்கு வந்து நின்றது. இன்னொரு தரம் அழுத்தினார். மறுபடி டக்.

பல்காரர் செய்முறைத் தாளை எடுத்து, ஆறாவது படிக்குப் பக்கத்தில், அவள் எழுத்தின்மேல் படாமல் ஒரு டிக் போட்டார். முப்பத்து நான்கு வருடம் கடுகளவு பிசகாத கை. டிக் கோணலாகத்தான் விழுந்தது. பிறகு டேப்பைப் பிரித்து, இடப்பாதியைக் கையில் வைத்து உள்ளே பார்த்தார். அந்த அவிழ்ந்த வாரைப் பார்த்தார். வெளியே போன துணை விமானி இன்னும் திரும்பி வரவில்லை. இடுக்கியால் வாரை நேராக்கி மாட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதை அவள் விட்டபடியே விட்டுவிட்டார்.

"படி இருபத்து மூணு" என்று மச்சான் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். "ரெண்டு பாதியையும் சேத்து ஒட்டவும்."

பல்காரர் பிரஷ்ஷால் பசையை விளிம்பு நெடுகத் தடவினார். இரண்டு பாதியும் சேர்ந்தன. உள்ளங்கை இரண்டாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பசை இறுகுகிற வரைக்கும் மனதுக்குள் எண்ணினார். இருநூறு வரை எண்ணினார். போதும் என்று தெரிந்தும் இன்னொரு நூறு எண்ணினார். மச்சான் இடைவெளி விடாமல் டேப் சுற்றினார். பல்காரர் இறக்கையைச் செருகி, தூக்கி மேசைமேல் வைத்தார். கண்ணாடி மூக்கு வழியாகப் பார்த்தால் ஒரே ஒரு வாரின் நுனி வெள்ளியாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டது.

"ஆச்சா?" என்று கேட்டார் மச்சான். கையில் பென்சில் தயாராக இருந்தது.

பல்காரர் தலையை ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க, அத்தான்."

"ஆச்சு."

"நிக்குதா?"

பல்காரர் விமானத்திலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார்.

"நிக்குது" என்றார். "மூணு சக்கரத்துலயும்."